எனக்கு மட்டும் சொன்னது

வாருங்கள் ஐயா, உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் ஒரு கால் ஆடுகிறது. போன மாதம் ஒருவர் விழப் பார்த்தார். இதில் உட்காருங்கள். நேசம், ஐயா வந்திருக்கிறார்கள், காப்பி போடு. சீனி எப்படி ஐயா, குறைச்சலாகவா? சீனி குறைச்சலாம், நேசம்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை, திருவிருந்தும் இருக்கிறது. மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானமாகாமல் திருவிருந்துக்கு வரக்கூடாது. அதனால் முந்தின நாள் சாயங்காலம் சபைப் போதகராக இருக்கிற ஐயர் வீடு வீடாகப் போய் இரண்டு பக்கமும் பேசித் தீர்ப்பது இந்தச் சபையில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து உள்ள வழக்கம். நீங்கள் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். நல்லது. தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்களா? அவள் வீட்டில் இல்லையா? இருக்க மாட்டாள். இன்றைக்குக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற முறை அவர்கள் தெருவுக்கு. எங்கள் வீடும் அந்த முறைதான். என் வீட்டுக்காரி நேசத்திடம், போக வேண்டாம், முழங்கால் வலி என்று சொல்லிவிடு என்றேன்.

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது. வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள் என்று இருக்கிற கோயிலில், ஒரு விதவை வந்து ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், அதுவும் நான் நாற்பது வருஷம் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறாள். நான் நடுத்தூணுக்கு முன்னால் போய்விட்டேன். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? சண்டை என்று தோன்றும். சிலர் நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். இரண்டும் இல்லை. நான் மாறினது முதலில். அவள் வந்து உட்கார்ந்தது இரண்டு வாரம் கழித்து. வரிசையாகச் சொல்லுகிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பேச்சு வராது. சாதாரணமாகவே வராது. நான் கூச்சக்காரன்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஒரு கம்பெனி பஸ்ஸில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு தகரக் கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு விசில். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. விசில் ஊதினால் போதும். கர்த்தர் எனக்கென்றே பார்த்துக் கொடுத்த வேலை அது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் சபையில் ஒரு கல்யாணம். பெண் வீடு வள்ளியூர்ப் பக்கம். சபையில் ஒரு வேன் பிடித்துப் போனோம். டிரைவர் செல்வின், கீழத்தெருப் பையன், சொந்த வண்டி. போகும்போது ஒரு குறையும் இல்லை. கல்யாணம் முடிந்து பிரியாணி சாப்பிட்டு மத்தியானம் திரும்பினோம். நான் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றைச் சீட்டில் இருந்தேன். கூட்டத்துக்குள் இடிபட்டு உட்கார எனக்கு வராது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தச் சீட்டை எனக்கு விட்டுவிடுவார்கள்.

நாலு மைல் வந்திருப்போம். செல்வின் தலை ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது. நான் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் இடது சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. பின்னால் இருந்தவர்கள் குழி என்று நினைத்தார்கள். அது குழி இல்லை. இரண்டாவது தடவை தலை போனது. முந்தின ராத்திரி பூராவும் மதுரைக்கு ஒரு சவாரி போய்விட்டு வந்து, குளித்த கையோடு நம் சவாரியை எடுத்திருக்கிறான். அது எனக்கு அப்போதே தெரியும், காலையில் அவனே சொன்னான். மூன்றாவது தடவை எதிரே ஒரு லாரி. ஒரு முழம் இடைவெளியில் தப்பினோம். பின்னால் சங்கீதப் போட்டி மாதிரி பாட்டு. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

டியூட்டியில் இருக்கும்போது அப்படி ஒரு கண்ணைப் பார்த்தால் நான் வண்டியை எடுக்க விட மாட்டேன். முகம் கழுவச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் அரை மணி நேரம் படுக்க வைத்துவிட்டுத்தான் விசில் ஊதுவேன். முதலாளியே வந்து கத்தினாலும் ஊத மாட்டேன். எத்தனை பேரை அப்படிப் படுக்க வைத்திருக்கிறேன்! ஆனால் அது டியூட்டி ஐயா. அன்றைக்கு நான் கல்யாணத்துக்குப் போனவன். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சொந்த வண்டிக்காரனை, அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால், நீ தூங்குகிறாய் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு அவமானம். எனக்கும் வாய் வராது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. காதில் இல்லை, நெஞ்சுக்குள். "இறங்கு" என்று. தெளிவாக. அதற்கு முன்னும் சரி, அதற்குப் பிறகு இந்த வருஷம் வரைக்கும் சரி, அப்படிக் கேட்டதில்லை.

நான் உடனே கீழ்ப்படிந்தேன். "தம்பி, வயிறு சரியில்லை, அந்த டீக்கடைப் பக்கம் ஒதுக்கு" என்றேன். வண்டி முழுக்கச் சிரிப்பு. "அண்ணாச்சிக்குப் பிரியாணி வேலையக் காட்டிட்டு!" என்று ஒருவர். "மூணு தடவ கறி வாங்குனா வயிறு என்ன செய்யும்?" என்று இன்னொருவர். நான் மூன்று தடவை வாங்கவில்லை. ஒரு தடவைதான் வாங்கினேன். செல்வின் நல்ல பையன், "நிக்கோம் அண்ணாச்சி, போயிட்டு வாங்க" என்றான். "வேண்டாம், நேரமாகும், நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்றேன்.

இறங்கும்போது எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசி சீட்டில் தங்கபுஷ்பத்தோடு அவள் வீட்டுக்காரன் ஏசுவடியான் இருந்தான். அவனுக்கு இடுப்பு வலி. வரும்போதே பின்னால் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஏசுவடியான், நீ இங்கே வந்து உட்கார், காற்றும் வரும், குலுக்கலும் இருக்காது" என்றேன். அவன் எழுந்து வந்தான். "நல்லாருப்பீங்க அண்ணாச்சி" என்று என் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தான்.

அந்த டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ் வந்தது, ஏறினேன். குளத்துக் கரை ரோட்டில் கூட்டம். வேனின் பின்சக்கரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நாலு பேர் போய்விட்டார்கள் ஐயா. செல்வின், ஏசுவடியான், முதல் வரிசையில் இருந்த ஒரு தகப்பனும் மகளும். கடைசி சீட்டில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புக்கூட இல்லை. நான் கரையிலேயே முழங்கால் போட்டேன். தங்கபுஷ்பம் நனைந்த சேலையோடு கல்லில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நீங்களாவது தப்பிச்சீங்களே அண்ணாச்சி" என்றாள். நல்ல மனுஷி, அப்போது.

காப்பி இன்னும் வரவில்லை, மன்னிக்க வேண்டும். நேசத்துக்கு இப்போதெல்லாம் கை வேகம் போதாது.

அடக்க ஆராதனையில் அப்போதிருந்த ஐயர், தேவன் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரமாக எடுத்துக்கொள்ளுகிறார் என்று ஆறுதல் சொன்னார். அதை அவள் மனதில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் கழித்து அவரிடமே என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்: "அப்ப அருமைநாயகம் அண்ணாச்சி மேல அவருக்குப் பிரியமே இல்லியா ஐயா?" எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். நான் சிரிக்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

என் பங்கில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. விபத்து நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் வருஷம் தவறாமல் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். உறைக்குள் ஒரு துண்டுத் தாள். அதை ஐயர் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் சத்தமாக வாசிப்பார். அதே ஞாயிறுதான் அவளும் நினைவுநாள் காணிக்கை வைப்பாள். அதனால் இரண்டும் அடுத்தடுத்து வரும். "மரித்த கணவர் ஏசுவடியானின் நினைவாக, தங்கபுஷ்பம்." உடனே, "வேன் விபத்திலிருந்து தம்முடைய அடியானை அற்புதமாகக் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம், அருமைநாயகம்." சபையார் ஆமென் சொல்வார்கள். முதலாவதற்குச் சொல்ல மாட்டார்கள், அது துக்கம் அல்லவா, இரண்டாவதற்குத்தான் சொல்வார்கள்.

ஒரு வருஷம் நேசம் கேட்டாள்: "இந்தத் தடவ தாள் வைக்காம காணிக்கைய மட்டும் போட்டா என்ன? அவ பக்கத்துல இருந்து எனக்கு அந்த ஆமென் சொல்ல முடியல." நான் சொன்னேன், "காத்தவருக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வெட்கப்பட்டால், அவர் நம்மைப் பற்றி வெட்கப்பட மாட்டாரா?"

போன வருஷம் பழைய ஐயர் மாற்றலாகிப் போவதற்கு முன்னால், "அருமைநாயகம், தாளில் எழுதி வாசித்தது போதும், இந்த வருஷம் நீரே முன்னால் வந்து சாட்சி சொல்லும்" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மைக் முன்னால் நின்று பேசினதே இல்லை. ஆனால் தேவனுடைய மகிமைக்காக என்று நினைத்து நின்றேன். பாதியை மறைத்துச் சொல்லக்கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னேன். தலை மூன்று தடவை போனது, சக்கரம் மண்ணில் இறங்கினது, லாரி, நெஞ்சுக்குள் கேட்ட சத்தம், நான் இறங்கினது, இடுப்பு வலிக்காரனுக்கு இடம் கொடுத்தது. அதுவரைக்கும் வயிற்று வலி என்றுதானே எல்லோரும் நினைத்திருந்தார்கள்? முடித்து, "ஸ்தோத்திரம்" என்றேன்.

ஒரு ஆமென் இல்லை ஐயா. மின்விசிறிச் சத்தம்தான். பழைய ஐயர் எழுந்து அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்துப் பக்கம் தங்கபுஷ்பம் நின்றாள். "அண்ணாச்சி, அந்தச் சத்தம் என்ன சொல்லிச்சு?"

"இறங்கு என்று."

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சா?"

"அப்படிச் சொல்லவில்லை."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல் என்றும் சொல்லவில்லையே, தங்கபுஷ்பம். எனக்கு மட்டும் சொன்னதை நான் எப்படி ஊருக்குச் சொல்வது?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவர அந்தச் சீட்டுக்குக் கூப்பிட்டது சத்தம் கேக்கதுக்கு முந்தியா, பொறவா?" பிறகுதான் என்றேன். எனக்குக் கணக்கு தப்பாது. அவள் போய்விட்டாள்.

அதிலிருந்து பாருங்கள், முன்போல யாரும் என்னோடு பேசுவதில்லை. காணிக்கை எண்ணுகிற வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், வயதாகிவிட்டதாம். கீழத்தெருவில் செல்வினுடைய அம்மா என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். நேசம்கூட அன்றையிலிருந்து அதிகம் பேசுகிறதில்லை. முழங்கால் வலி அவளுக்கு நிஜமாகவே இருக்கிறது, அதுவாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் தங்கபுஷ்பம் இங்கேயே வந்தாள். நீங்கள் இருக்கிற இடத்தில்தான் இருந்தாள். நேசம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் ஆறுதலாகப் பேசினேன். கர்த்தருடைய வழிகள் நமக்குப் புரியாது, ஏன் என்று கேட்கக்கூடாது, கேட்டால் பாவம் என்றேன்.

"நான் கேட்டேன் அண்ணாச்சி. பன்னெண்டு வருசமாக் கேட்டேன். ஏன் என் புருசனக் கைவிட்டீருன்னு முழங்கால் தேயக் கேட்டேன். பதிலே இல்ல. இப்பதான் பதில் வந்துட்டு."

எனக்குச் சந்தோஷம். "என்ன பதில் சொன்னார்?" என்றேன்.

"நான் கைவிடலியே, அருமைநாயகத்துக்கிட்டச் சொல்லி அனுப்பினேனேன்னு சொன்னாரு."

இது தேவதூஷணம் இல்லையா ஐயா? நீங்களே சொல்லுங்கள். இதுதான் அவள் மேல் எனக்குள்ள வருத்தம். தேவன் வாயில் இப்படி ஒரு வார்த்தையை வைக்கலாமா? என் பெயரையும் சேர்த்து! நான் யார், எட்டாம் வகுப்பு. தம்முடைய வேலைக்கு அவர் என்னையா நம்பி இருந்தார்?

தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். உங்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். போன மாதம் நீங்கள் பாடுகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தீர்கள். பாடு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியாது என்று பிரசங்க மேடையிலேயே ஒத்துக்கொண்டீர்கள். எந்த ஐயரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சிலுவையில் இருந்தவரை இறங்கி வா, இறங்கி வா என்று கீழே நின்றவர்கள் கூப்பிட்டும், இறங்க முடிந்தும், அவர் இறங்கவில்லை, பாடுபடுகிறவர்களோடு கூட இருந்துவிட்டார், நமக்குள்ள பதில் அது ஒன்றுதான் என்றீர்கள். நல்ல பிரசங்கம். ஆனால் அது அவருக்கு உரியது ஐயா. நமக்கு இறங்கு என்றால் இறங்க வேண்டியதுதானே? தங்கபுஷ்பம் அன்றைக்கு அழுதாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

ஆமாம், பெஞ்சு. அதற்குத்தான் வருகிறேன்.

நீங்கள் சொல்கிறபடி அவளோடு சமாதானமாக எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக்கு ஆராதனைக்கு முன்னால் வாசலில் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னால் கும்பிடுகிறேன். நான் அவளை மன்னித்தாகிவிட்டது. ஆனால் பழைய இடத்துக்குப் போய் உட்காருங்கள், அவள் பெண்கள் பக்கம் போகட்டும், எல்லாம் முன்போல் ஆகட்டும் என்கிறீர்களே, அது முடியாது. கோபம் இல்லை ஐயா. முடியாது.

அவளும் சும்மா வந்து உட்காரவில்லை. நான் மாறின பிறகு ஒரு ஞாயிறு நேராக வந்து அங்கே உட்கார்ந்தாள். மூப்பர் ஒருவர் போய், "இது ஆம்பிளைக பக்கம்மா" என்றார். "தெரியும். அண்ணாச்சிக்குச் சத்தம் கேட்ட காது இந்த பெஞ்சுலதான நாப்பது வருசம் இருந்துச்சு? எனக்கும் கேக்குதான்னு பாக்கேன். கேட்டா ஒங்க எல்லாருக்கும் சொல்லிருவேன்" என்றாளாம். கேலி. ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் அங்கேயேதான் இருக்கிறாள். நேசம் என்னிடம், அவளுக்குத் துணையாக நானும் அந்தப் பக்கம் போய் இருக்கட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி முன்னால் போய் உட்கார் என்று அவளையும் மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன், பயப்படுவாள்.

எதற்குப் பயமா?

அந்த பெஞ்சுக்கு நேர் மேலேதானே ஐயா பாடகர்கள் இருக்கிற மேல்மாடி. துரைமார் காலத்து மரவேலை. மரம் எல்லாம் அன்றைக்கு வந்ததுதான். போன வருஷம் நூற்றைம்பதாவது ஆண்டுக்காக அதன் மேலேயே பெயிண்ட் அடித்தார்கள். பார்வைக்குப் புதுசு.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறு என் பாட்டுப் புஸ்தகத்தில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தது. ஊதிவிட்டேன். அடுத்த ஞாயிறும் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குள் போகிற பெரிய உத்திரம் இருக்கிறதே, அதன் முனையிலிருந்து. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குடைக் கம்பியால் தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. முருங்கைக்காயைத் தட்டின மாதிரி இருந்தது. பெயிண்ட் மட்டும்தான் மரம் மாதிரி நிற்கிறது. சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. பெஞ்சில் ஏறிச் சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்தேன். எனக்குக் கணக்கில்லாமல் இருக்க முடியாது. ஒரு மாதத்தில் உத்திரம் குறியை விட்டு அரை விரல் இறங்கிவிட்டது. மழைக்குப் பிறகு ஒரு விரல்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, துதிப் பாட்டுக்காக மேல்மாடியில் பாடகர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். டக் என்று ஒரு சத்தம். பாட்டில் யாரும் கவனிக்கவில்லை. அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் கேட்டது ஐயா. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. அதே குரல். "இடம் மாறு" என்று.

மாறிவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். தங்கபுஷ்பத்தின் மேல் கோபத்தில் மாறவில்லை என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

யாரிடம் சொன்னேனா? ஜெபத்தில் வைத்தேன். கமிட்டியில் எழுந்து பேச எனக்கு வருமா? அதுவும் பெயிண்ட் அடித்த காண்டிராக்டர் செயலாளருடைய மைத்துனர். அந்தச் சண்டைக்குள் நான் எதற்கு? போன வருஷம் ஒரு தடவை உள்ளதைச் சொல்லிவிட்டு நான் பட்டது போதாதா? மறுபடியும் எனக்குச் சத்தம் கேட்டது என்று சொன்னால் அவள் என்னை விடுவாளா? வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்து முந்தியா பிந்தியா என்று கேட்பாள். மனுஷனுக்கு ஒரு அளவு இருக்கிறது.

என்ன ஐயா, எழுந்துவிட்டீர்கள்? காப்பி வந்துவிடும். நேசம்!

இன்றைக்கா? ஆமாம், இன்றைக்குத்தானே கடைசிப் பாட்டுப் பழக்கம். உங்கள் வீட்டம்மா, ஐயரம்மாதானே நடத்துகிறார்கள்? மூன்று சபைப் பாடகர்களையும் சேர்த்து மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்று பால்காரர் சொன்னார். வழக்கமாக இருக்கிறதைப் போல் மூன்று மடங்கு. கீழே கூட்டிப் பெருக்குகிறவர்கள் வேறு. நான் மத்தியானமே நினைத்தேன். உங்களிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். நீங்கள் கேட்காமல் எப்படி ஆரம்பிப்பது? இப்போது கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

நானா? நான் எதற்கு ஐயா? நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று கத்தவா? எனக்குச் சத்தம் போட வராது. ஜெபம் பண்ணாமல் போகிறீர்களே! வீட்டுக்கு வந்த ஐயர் ஜெபம் பண்ணாமல் போனதே இல்லை. செருப்பு... செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள்!

நேசம், ஐயா கிளம்பிவிட்டார்கள். அந்தக் காப்பியைக் கொண்டு வா. நேசம்?

ஐயா, வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அடுக்களையில் அவள் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது. பின்கதவு திறந்து கிடக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எதுவரைக்கும் கேட்டாளோ. தங்கபுஷ்பம் அங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அதோ தெருமுனையில்... பச்சைச் சேலை, அவள்தான். முழங்கால் வலியோடு எப்படி ஓடுகிறாள்! கோயிலுக்குத்தான் திரும்புகிறாள்.

அவள் உள்ளே போகக்கூடாது ஐயா. போகவிடாதீர்கள். நான் கூப்பிட்டால் கேட்கும், இங்கேயிருந்து கேட்கும். ஆனால் பாருங்கள், தெருவில் எல்லோரும் வாசலில் இருக்கிறார்கள். நீங்கள் வண்டியில் போகிறீர்கள், அவளைத் தாண்டும்போது நான் வரச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள். ஆட்கள் பார்க்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டாம்.